விரல் சொல்வதும் படம் சொல்வதும்

வாய்ப் புற்றுநோய் எக்ஸ்ரே படத்தில் தெரியாது. கொஞ்சம் முரட்டு வாக்கியம்தான். ஆனாலும் அதிலிருந்து தொடங்குவதே நல்லது. ஈற்றில் ஆறாத புண்ணோடு வந்து, படம் எடுத்துப் பார்த்து, 'எலும்பில் ஒன்றுமில்லை' என்ற பதிலை 'ஒன்றுமில்லை' என்று காதில் வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. இரண்டு பதில்களுக்கும் நடுவே சில மாதங்கள் கழிந்துவிடும். அந்த மாதங்களுக்குள் நோய் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். பல் எக்ஸ்ரேயில் தெரிவதெல்லாம் புற்று எலும்பில் செய்துவைத்த சேதம் மட்டுமே. சேதம் தெரிவதற்கு முன் புற்று எவ்வளவு காலம் இருந்தது, எங்கே இருந்தது, சேதமே செய்யாமல் எலும்புக்குள் இறங்கியிருக்கிறதா என்பதையெல்லாம் படம் சொல்லாது. மருத்துவரின் கண்ணும் விரலும் சொல்லக்கூடியவை வேறு வகை. இரண்டில் எது மேல் என்று கேட்பதைவிட, எதை முதலில் கேட்டுவிட்டு எதை அதன் வெளிச்சத்தில் படிக்க வேண்டும் என்று கேட்டால்தான் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம் வருகிறது.

ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டது 1895 நவம்பரில். செய்தி வெளியான சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்துப் பல் மருத்துவர் ஓட்டோ வால்காஃப் தன் பற்களையே படமெடுத்துக்கொண்டார். கண்ணாடித் தகட்டை வாயில் கவ்வியபடி 25 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு பல்லைப் படமெடுக்க ஒரு நொடிகூட ஆவதில்லை. நேரம்தான் சுருங்கியது, அடிப்படை அப்படியே இருக்கிறது. கதிரைத் தடுப்பது கால்சியம், பதிவாவது அதன் நிழல். எலும்பிலிருந்து கால்சியம் கணிசமாக வெளியேறினால்தான் நிழலில் வெளிறல் தெரியும்; பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 30 முதல் 50 சதவீதம் வரை. 1961-இல் பெண்டர், செல்ட்சர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இறந்தவர்களின் தாடை எலும்புகளில் செயற்கையாகக் குழிகள் தோண்டிப் படமெடுத்துப் பார்த்தார்கள். உள்ளே இருக்கும் பஞ்சுபோன்ற எலும்பில் எவ்வளவு தோண்டினாலும், வெளிப்புறக் கெட்டித் தகட்டைத் தொடாதவரை படத்தில் அது சரியாகப் புலப்படவில்லை. பல் வேர்ச் சீழைப் பற்றிய கேள்விக்காகச் செய்த சோதனை அது. புற்றுநோய்க்கும் அது பொருந்துவதைப் பலர் கவனிப்பதில்லை.

தாடை முழுவதையும் ஒரே நீளப் படமாக விரிக்கும் ஓபிஜி, ஃபின்லாந்தின் இர்யோ பாட்டெரோவின் உழைப்பில் பிறந்தது. குழாயும் தகடும் தலையைச் சுற்றி வர, குதிரை லாட வடிவத்தில் ஒரு மெல்லிய பட்டைக்குள் இருப்பது மட்டும் தெளிவாகப் பதியும்; பட்டைக்கு வெளியே இருப்பது கலங்கும். முன்பற்கள் இருக்கும் இடத்தில் கழுத்தெலும்பின் நிழல் வந்து விழும் என்பதால், தாடையின் நடுப்பகுதியில் ஓபிஜியை நம்புவது கடினம். நாக்குப் பக்கத்துத் தகடும் கன்னப் பக்கத்துத் தகடும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால், நாக்குப் பக்கம் மட்டும் அரிபட்டிருந்தால் கன்னப் பக்கத்துத் தகடு அதை மறைத்துவிடும். இவ்வளவு குறைகளோடும், சில நூறு ரூபாயில், சில நொடிகளில், மிகக் குறைந்த கதிரளவில் இரு தாடைகளையும் காட்டும் வேறு கருவி இல்லை. அதனால்தான் அது எல்லா ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. அளவுக்கு மீறி நம்பப்படுவதற்கும் அதுவே காரணம்.

வாய்ப் புற்றுநோயில் மிகப் பெரும்பான்மை வாயின் உள்தோலில் பிறப்பது. 2022-க்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் உதடு, வாய்ப் புற்றுநோய் கண்டவர்கள் ஏறத்தாழ 1,43,000 பேர். இறந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். மேலைநாடுகளில் நாக்கும் வாயின் அடித்தளமும் முன்னணியில் இருக்க, இங்கே கன்னத்துக்கும் கீழ் ஈற்றுக்கும் இடையிலுள்ள பள்ளம் பெரும் பங்கு வகிக்கிறது. காரணம் வெளிப்படை: புகையிலையும் பாக்கும் மணிக்கணக்கில் அதக்கி வைக்கப்படுவது அங்கேதான். வெள்ளைப் படலமாக, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டாக, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணாக, ஓரம் தடித்த சிறு கட்டியாக அது தொடங்குகிறது. இவற்றில் எதிலும் கால்சியம் இல்லை. ஆக, நோய் எளிதில் குணமாகக்கூடிய கட்டத்தில் எக்ஸ்ரேக்குக் காட்ட எதுவுமே இல்லை. கண்ணுக்கோ எல்லாமே வெளியே இருக்கிறது. வாயைத் திறந்து, உதட்டை மடித்து, கன்னத்தை விலக்கி, நாக்கை இழுத்துப் பக்கவாட்டைப் பார்த்து, விரலால் தடவி, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். உறுதி செய்வதற்குச் சதைப் பரிசோதனை வேண்டும் என்பது வேறு விஷயம். எங்கிருந்து சதையை எடுப்பது என்பதைக் கண்தான் காட்ட வேண்டும்.

கண்ணால் பார்ப்பது உயிரைக் காக்குமா என்பதற்கு ஊகத்தைவிட நல்ல பதில் இருக்கிறது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1996-இல் தொடங்கிய ஆய்வு அது. 13 பஞ்சாயத்துகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஏழில் 35 வயதைக் கடந்தவர்களின் வாயை, பயிற்சி பெற்ற மருத்துவரல்லாத ஊழியர்கள் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை பார்த்தார்கள். ஆறில் வழக்கமான மருத்துவம் மட்டும். ஒவ்வொரு பக்கமும் 95,000-க்கும் மேற்பட்டோர். 2005-இல் வெளியான முடிவில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. எந்த இயந்திரமும் இல்லை. ஒரு விளக்கு, ஒரு ஜோடிக் கண்கள், பயிற்சி. இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு: பழக்கம் உள்ளவர் இல்லாதவர் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு 21 சதவீதம்தான், அது தற்செயலாகவும் நிகழ்ந்திருக்கலாம் என்று புள்ளியியல் சொல்கிறது. வாதம் சரியானதே. ஆனால் அது அடிப்பது 'எல்லாருடைய வாயையும் பார்' என்ற கொள்கையை. பார்ப்பதன் திறனை அல்ல. நோய் அரிதாக உள்ள கூட்டத்தில் எந்தச் சோதனையும் சாவைக் குறைத்துக் காட்டத் திணறும். நோய் செறிந்துள்ள கூட்டத்தில் அதே சோதனை பளிச்சென்று வேலை செய்யும். முன்கூட்டியே இருக்கும் சந்தேகத்தின் அளவுதான் சோதனை முடிவின் எடையைத் தீர்மானிக்கிறது. இந்த ஒரு கருத்தை நினைவில் வைத்துக்கொண்டால் மிச்சக் கதையும் புரியும்.

நோய் கண்டாகிவிட்டது, ஈற்றிலோ அதை ஒட்டிய பள்ளத்திலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கேள்வி மாறுகிறது. புற்று எலும்பைத் தொட்டுவிட்டதா? கெட்டித் தகட்டைத் துளைத்து உள்ளே போயிருந்தால் நோய் நான்காம் கட்டத்தில் சேர்க்கப்படும். அறுவை சிகிச்சையின் உருவமே வேறாகும். படத்துக்கு உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. விரலுக்கும் இங்கே வேலை இருக்கிறது. ஒரு கையின் விரல் வாய்க்குள்ளும் மற்றொரு கை தாடைக்கு வெளியேயும் இருக்க, கட்டியை எலும்பின்மேல் நகர்த்திப் பார்ப்பது பழைய, நல்ல முறை. வழுக்கி நகர்ந்தால் எலும்பு தப்பியிருக்கவே வாய்ப்பு அதிகம். எலும்போடு ஒட்டிக்கொண்டு அசையாவிட்டால் சந்தேகம் வலுக்கும். கீழுதடும் முகவாயும் ஒரு பக்கம் மரத்துப்போனால், தாடைக்குள் ஓடும் நரம்பை ஏதோ நெரிக்கிறது. ஈறு நோய் அதிகமில்லாத வாயில் ஓரிரு பல் மட்டும் ஆடினால் அதுவும் சும்மா இல்லை. இவை மூன்றுமே படத்தில் பதியாத செய்திகள்.

படம் ஏன் பின்தங்குகிறது என்பதை எலும்பு அரிக்கப்படும் விதம் விளக்குகிறது. புற்றுச் செல்கள் எலும்பைத் தாமாகத் தின்பதில்லை. எலும்பைக் கரைப்பதற்கென்று நம் உடலிலேயே ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் உண்டு. புற்று வெளியிடும் வேதிச் சைகைகள் அவற்றைத் தூண்டிவிடுகின்றன. அவை வழி திறந்தபின் புற்று உள்ளே வருகிறது. அகன்ற முகப்போடு எல்லா இடத்தையும் ஒருசேரக் கரைத்துக்கொண்டு போகும் வகையில், படத்தில் ஒரு குழி தெரியும். மற்றொரு வகையில் புற்று சிறு சிறு தீவுகளாக, எலும்பின் சல்லடைக் கம்பிகளுக்கு இடையே, அவற்றை அதிகம் சிதைக்காமலே பரவும். இந்த இரண்டாம் வகைதான் மோசமானது. படத்துக்குத் தப்புவதும் இதுவே. கிளாஸ்கோவில் 1980-களில் நடந்த ஆய்வுகள், பல்லில்லாத தாடையில் பற்கள் இருந்த மேட்டுப் பகுதியின் ஓட்டைகள் வழியே புற்று நுழைகிறது என்றன. பின்னர் லிவர்பூல் ஆய்வாளர்கள், எங்கே எலும்பைத் தொடுகிறதோ அங்கேயே நுழைகிறது என்று அதைத் திருத்தினார்கள். திருத்தம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் புற்று எலும்பை எங்கே தொடுகிறது என்பதைக் காட்டுவது விரல்தான் என்பதால், இந்த விவாதத்தில் அதற்குக் கனம் உண்டு.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, சந்தேகம் வந்தால் எலும்பை எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அப்படித்தான் ஒரு காலத்தில் செய்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில், நாக்குப் புற்றுக்கும் வாயடிப் புற்றுக்கும்கூட நல்ல நிலையிலிருந்த தாடையைக் கழுத்து நெறிகளோடு சேர்த்து வெட்டி எடுத்தார்கள். புற்று எலும்புறையின் நிணநீர்க் குழாய்கள் வழியே பரவுகிறது என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் மார்செட்டாவும் அவர் குழுவினரும் 1964-லும் 1971-லும் வெளியிட்ட ஆய்வுகள் அந்த நம்பிக்கையைக் கலைத்தன: புற்று நேரடியாக ஊர்ந்துதான் எலும்பை அடைகிறது, நடுவே நல்ல திசு இருந்தால் எலும்பைக் காப்பாற்றலாம். அதன் பிறகுதான் தாடையின் மேல் விளிம்பை மட்டும் செதுக்கி, கீழே ஒரு சென்டிமீட்டராவது விட்டுவைக்கும் முறை பரவியது. விளிம்பைச் செதுக்கியவர் முகத்தின் வடிவத்தோடு வீடு திரும்புவார். தாடையைத் துண்டாக எடுத்தவருக்குக் காலின் சிம்பு எலும்பை எடுத்து முகத்தில் பொருத்த வேண்டும். 1989-இல் அறிமுகமான அந்த அறுவை அற்புதமானது, நீண்டது, செலவு மிக்கது, எல்லா ஊரிலும் கிடைக்காதது. மறுபக்கம், எலும்புக்குள் இறங்கிவிட்ட புற்றை விளிம்பில் மட்டும் செதுக்கினால் நோய் உள்ளேயே தங்கிவிடும். வெட்டும்போதே எலும்பின் ஓரத்தைச் சோதித்து அறியலாம் என்றாலும் முடிவதில்லை. எலும்பிலுள்ள கால்சியத்தை அமிலத்தில் கரைத்த பிறகே அதைச் சீவிப் பார்க்க முடியும். முடிவு வரும்போது நோயாளி வார்டில் தேறிக்கொண்டிருப்பார்.

இரண்டு சோதனைகளும் தவறு செய்யும் திசைகள் வேறு. விரல் அதிகம் சந்தேகிக்கும்: புண்ணைச் சுற்றிய வீக்கமும் தழும்பும் எலும்போடு ஒட்டினாற்போல ஏமாற்றும். படமோ குறைத்துச் சந்தேகிக்கும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்; எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. எலும்பில் புற்று இறங்கிய நூறு பேரில் 80 பேரை ஓபிஜி கண்டுபிடிக்கிறது. இறங்காத நூறு பேரில் 90 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்போம். கட்டி எலும்போடு ஒட்டி, உதடும் மரத்த நூறு பேர். அவர்களில் 70 பேருக்கு எலும்பில் நோய். படம் 56 பேரைப் பிடிக்கும், 14 பேரைத் தவறவிடும். நோயில்லாத 30 பேரில் 27 பேருக்குச் சுத்தமான படம். சுத்தமான படம் மொத்தம் 41. அதில் 14 பொய். இன்னொரு நூறு பேர், கட்டி வழுக்கி நகர்கிறது, 10 பேருக்கு மட்டுமே எலும்பில் நோய். இங்கே படம் 8 பேரைப் பிடிக்கும், 2 பேரைத் தவறவிடும். நோயில்லாத 90 பேரில் 81 பேருக்குச் சுத்தமான படம். சுத்தமான படம் 83, அதில் பொய் 2 மட்டுமே. ஒரே இயந்திரம், ஒரே மாதிரியான சுத்தமான படம். முதல் கூட்டத்தில் மூன்றில் ஒன்று பொய், இரண்டாவதில் நாற்பதில் ஒன்று. படத்தில் அரிப்பு தெரிந்தால் கதை தலைகீழ்: முதல் கூட்டத்தில் 59-க்கு 3 தவறு, இரண்டாவதில் 17-க்கு 9 தவறு, அதாவது பாதிக்கு மேல். படத்தின் பொருள் படத்துக்குள் இல்லை. விரல் சந்தேகித்ததை ஒரு சுத்தமான ஓபிஜி ரத்து செய்ய முடியாது என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். கைத்திறன் மீதான பழைய பக்தியால் அல்ல.

'விரல் ஆளுக்கு ஆள் மாறும், படம் மாறாது' என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. படம் மாறாதுதான், படிப்பவர் மாறுவார். ஈறு நோயால் ஏற்கெனவே எலும்பு தேய்ந்த வாயில், அண்மையில் பல் பிடுங்கிய குழி உள்ள தாடையில், எது பழைய தேய்மானம், எது புற்றின் அரிப்பு என்று படத்தை வைத்துப் பிரிப்பதில் அனுபவசாலிகளே வேறுபடுவார்கள். ஓரம் கெட்டிப்படாமல் கந்தலாக இருப்பதும், சுற்றிலும் எலும்பே இல்லாமல் பல் மிதப்பதுபோல் நிற்பதும் புற்றின் பக்கம் சாய்க்கும், அவையும் தீர்ப்பல்ல. விரலின் தீர்ப்பையும் ஓரளவு உறுதிப்படுத்தலாம்: கட்டி நகர்கிறதா, உதட்டில் உணர்வு உண்டா, எந்தப் பல் எவ்வளவு ஆடுகிறது, வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று தனித்தனியாக எழுதிவைத்தால், 'சந்தேகத்துக்குரியது' என்ற ஒற்றைச் சொல்லைவிட அது பல மடங்கு நம்பகமானது.

இன்னொரு மறுப்பு கனமானது: சிடி, எம்ஆர்ஐ எல்லாம் வந்தபிறகு ஓபிஜியோடு விரலை ஒப்பிடுவது எதற்கு? சிடி கெட்டித் தகட்டின் சிறு அரிப்பையும் குறுக்கு வெட்டில் காட்டும். உலோகப் பல் இருந்தால் கோடு கோடாகக் கலங்கும் என்பது தனி. எம்ஆர்ஐ எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு மாறுவதைக் காட்டுவதால், படத்துக்குத் தப்பும் அந்தத் தீவு வகையையும் பிடிக்கும். வெறும் அழற்சியையும் புற்று என்று கூவிவிடும் என்பது அதன் குறை. அறுவைத் திட்டத்துக்கு இவை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இவையும் தவறும் சோதனைகளே. மேலே போட்ட கணக்கு எண்களை மாற்றிக்கொண்டு இவற்றுக்கும் ஓடும். விரலின் முன்முடிவு இல்லாமல் எம்ஆர்ஐயின் அதிகச் சந்தேகத்தை மட்டும் நம்பினால் நல்ல தாடைகள் போகும். கடைசிப் பரிசோதனை அறுவை மேசையில்தான் நடக்கிறது: சந்தேகம் ஊசலாடும் இடத்தில் அறுவை மருத்துவர் எலும்புறையை உரித்து, அது எளிதாகக் கழல்கிறதா, அடியில் எலும்பு வழவழப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறார். அதுவும் கண்ணும் விரலும்தான்.

விரல் தோற்கும் இடம் ஒன்று உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. பாக்கு மெல்வதால் வாயின் உள்தோலுக்கு அடியில் நார் பெருகி, கன்னம் அட்டைபோல் விறைத்துப்போகும் நோயை 1952-இல் ஷ்வார்ட்ஸ் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் கண்டு எழுதினார். இந்த நோயர்களின் வாய் இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்குச் சுருங்கலாம். புற்று வரும் வாய்ப்போ அவர்களுக்கு அதிகம். நார் இழுத்துப் பிடித்த கன்னத்தில் எல்லாமே எலும்போடு ஒட்டியதுபோல்தான் தோன்றும். அசைவைப் பார்க்கும் சோதனைக்கு அங்கே பொருளில்லை. இப்படிப்பட்ட வாயில் சிடியும் எம்ஆர்ஐயும், தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் பரிசோதனையும்தான் வழி. ஓபிஜியின் நன்மையும் இங்கே தெரிகிறது: அதற்கு வாய் திறக்க வேண்டியதில்லை.

ஓபிஜி தன் சொந்த வேலையில் குறையற்றது என்றே சொல்லலாம். விளிம்பைச் செதுக்க வேண்டுமென்றால் கீழே எவ்வளவு எலும்பு மிஞ்சும் என்று தெரிய வேண்டும். பல் போய்ப் பல ஆண்டுகள் ஆன முதியவர்களின் தாடை பென்சில்போல் தேய்ந்திருக்கும், அங்கே விளிம்பு அறுவைக்கு இடமே இல்லை. படம் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டும் என்பதைக் கழித்துக்கொண்டு, இந்த உயரத்தை அது சொல்லிவிடும். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு முன் எந்தப் பற்களைப் பிடுங்க வேண்டும் என்பதையும் அது சொல்லும். கதிர்பட்ட தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் மடிந்துபோகும் அபாயம் உண்டு. ஆடும் பல்லை ஈறு நோய் என்று பிடுங்கிவிட்டு, குழி ஆறாமல் சதை பொங்கி வரும்போது, அந்த ஒழுங்கற்ற குழியைக் காட்டி எச்சரிப்பதும் பல வேளைகளில் இதே படம்தான். எலும்புக்குள்ளேயே பிறக்கும் அரிய புற்றுகளையும், வேறு உறுப்பிலிருந்து தாடைக்கு வந்தவற்றையும் விரல் அறியாது. அங்கே படமே முதல் சாட்சி.

ஆகையால் நடைமுறையில் மாற வேண்டியது படம் எடுக்கும் இயந்திரத்தைவிட, படத்துக்கு அனுப்பும் சீட்டு. 'ஓபிஜி' என்ற மூன்றெழுத்தை மட்டும் தாங்கி வரும் சீட்டைப் பார்த்துப் படம் படிப்பவர், பற்களை எண்ணி, சொத்தையைக் குறித்து, கடைவாய்ப் பல் சாய்ந்திருப்பதை எழுதி அனுப்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதே சீட்டில் 'கீழ் வலது ஈறு, ஆறு வாரப் புண், எலும்போடு ஒட்டியுள்ளது, வலது கீழுதடு மரத்துள்ளது, புகையிலைப் பழக்கம்' என்று ஐந்து சொற்றொடர்கள் கூடுதலாக இருந்தால், அவர் கண் தாடையின் அந்த இரண்டு அங்குலத்தில் நின்று நரம்புக் குழாயின் மேல்கோடு எங்கே அறுபடுகிறது என்று தேடும். எதுவும் தெரியாவிட்டாலும் 'இயல்பான படம்' என்று முடிக்காமல், சிடி எடுக்கச் சொல்லி எழுதுவார்.